தணிக்கைத் தடை: 16 ஆம்பியர்

முப்பத்தொரு வருடம் அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். தணிக்கைத் துறை. நான் ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தால் அங்கே ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கும். டீ வரும், தட்டில் முறுக்கு வரும், கேட்ட ஃபைல் மட்டும் வராது. பதினோரு ரூபாய் ஆட்டோ வாடகைக்கு ரசீது இல்லை என்று தடை எழுதி, அதை நேர் செய்ய ஓர் ஆபீசரை ஏழு வருடம் அலையவிட்ட பெருமை எனக்கு உண்டு. இப்பேர்ப்பட்டவன் சொந்த மாடியில், கட்டைவிரல் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் கட்டையிடம் தோற்ற கதை இது.

எல்லாம் ஐந்நூற்றொன்றாவது யூனிட்டில் ஆரம்பித்தது. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின் கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால், மேலே ஏறிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே கிடக்கும் பழைய யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறும். போன வருடக் கோடையில் எங்கள் வீட்டு மீட்டர் 507 காட்டியது. ஏழு யூனிட்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வராததால் ஃபேன் கூடுதலாக ஓடியது.

அதனால் சோலார். பெரிய அளவில் அல்ல. மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் உண்டு என்று மகன் பெங்களூரிலிருந்து சொன்னான். மானியம் போக மீதியை யார் தருவது என்று நான் கேட்டேன். லைன் மோசமாக இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான். ஆகவே என் வழி சிக்கன வழி. 2012 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் இருக்கிறது. 150 ஆம்பியர் அவர் ட்யூபுலர் பேட்டரி இருக்கிறது. 165 வாட்டில் இரண்டு பேனல், நடுவில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் வாங்கினால் போதும். பகலில் வெயில் பேட்டரியை நிரப்பும், இரவில் ஃபேன் அதில் ஓடும். இன்வெர்ட்டருக்குப் போகும் ஈ.பி. சுவிட்சை அணைத்தே வைத்துவிடலாம். இரண்டு மாதத்தில் அறுபது யூனிட்டாவது மிச்சம் என்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன். பேப்பரில் போடும்போது என் கணக்கு என்றுமே தப்பியதில்லை.

தை மாதம் எலக்ட்ரீசியன் தம்பி வந்து பேனலை மாட்டினார். கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு பிரேக்கர் வேண்டும், டி.சி. பிரேக்கராக வாங்கி வாருங்கள் என்றார். பரணில் ஏறினேன். வீடு கட்டியபோது மிஞ்சிய சாமான்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். அதில் 16 ஆம்பியர் எம்.சி.பி. பிரேக்கர் ஒன்று, அட்டைப் பெட்டி கூடப் பிரிக்காமல்! பக்கத்திலேயே ரெண்டரை ஸ்கொயர் ஒயர் ஒரு சுருள்.

"சார், இது ஏ.சி.க்கு உள்ளது."

"தம்பி, கரண்ட்டுன்னா கரண்ட்டுதானே. இருக்கிறதை வீணாக்குவானேன்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். என் ஆபீசில் என் தடைகளைப் படித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் பேட்டரியையும் பிரேக்கரையும் வைத்துவிட்டுப் போனார்.

நான்கு மாதம் ராஜ வாழ்க்கை. தினமும் இரண்டு வேளை மாடிக்குப் போய், கன்ட்ரோலரின் சின்னத் திரையில் ஓடும் எண்ணைப் பார்ப்பேன். பேரனைப் பார்க்க வந்த தாத்தா மாதிரி நிற்பேன். விருந்தாளி யார் வந்தாலும் காபிக்கு முன்னால் மாடி. மச்சான் வந்தபோது பெட்டியைத் திறந்து, திருகு ஒவ்வொன்றையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுக் காட்டி, "இது பாசிட்டிவ், இது நெகட்டிவ்" என்று பாடம் எடுத்தேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கத்திரி வெயில் பிறந்தது. ஒரு ராத்திரி எட்டரை மணிக்கு, மச்சான் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தி, அடங்கியது. டார்ச் எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். கன்ட்ரோலர் திரை கருத்துக் கிடந்தது. பிரேக்கரின் லீவர் கீழே விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன். நின்றது. அவ்வளவுதானே என்று கீழே வந்து, ஈ.பி. சுவிட்சைப் போட்டு, மோர்க்குழம்பைத் தொடர்ந்தேன்.

மறுநாள் புதன்கிழமை. சந்தேகத்தோடு மாடியிலேயே காவல் இருந்தேன். 12.40-க்கு என் கண் முன்னாலேயே டக் என்று விழுந்தது. உடனே தூக்கினேன், நிற்கவில்லை. மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தது. கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு எண்பத்தாறு வயது, பஞ்சாங்கம் மனப்பாடம்.

"ஏண்டா, புதன்கிழமை பன்னெண்டுலேருந்து ஒன்றரை ராகு காலம். அந்த நேரத்துல எது நிக்கும்?"

எனக்குச் சரியாகத்தான் பட்டது. வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரைக்குத்தான் தொடங்கும். பிரேக்கர் 12.25-க்கே விழுந்துவிட்டது. அம்மா அசரவில்லை. "வர்றது தெரிஞ்சு முன்னாடியே விழுந்திருக்கும்" என்றார்.

இனி விஞ்ஞானம்தான் என்று முடிவு செய்தேன். என் விஞ்ஞானம் ஒரு பேரேடு. தேதி, விழுந்த நேரம், வானிலை, வீட்டில் என்ன ஓடியது, யார் மாடிக்குப் போனார்கள் என்று ஐந்து பத்தி போட்டேன். முதல் குற்றவாளியாக மனைவியின் மிக்ஸியை எழுதினேன். 750 வாட் மிக்ஸி, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் அறுபது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். இதைச் சமையலறை வாசலில் நின்று விளக்கினேன்.

"என்னங்க, நான் மிக்ஸி போடுறது காலையில ஏழு மணிக்கு. அது விழுறது மத்தியானம். அஞ்சு மணி நேரம் யோசிச்சுட்டா விழும்?"

தவிரவும் மிக்ஸி இன்வெர்ட்டர் லைனிலேயே இல்லையாம். அதை நானே பிரித்துவிட்டு மறந்திருக்கிறேன். மிக்ஸியை அடித்துவிட்டுப் பல்லியை எழுதினேன். பல்லி ஒன்று கொட்டகைச் சுவரில் குடியிருந்தது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிரேக்கர் பாட்டுக்குத் தன் நேரத்துக்கு விழுந்தது.

ஞாயிறன்று மட்டும் விழவில்லை. 'வார விடுமுறை' என்று குறித்தேன். விளையாட்டாக அல்ல. நிஜமாகவே வேறு காரணம் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஒரு ஞானோதயம். பிரேக்கரைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. உடனே டேபிள் ஃபேனை மாடிக்குத் தூக்கிப் போய் அதன் முகத்துக்கு நேரே வைத்தேன். அன்று விழவில்லை! எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு டேபிள் ஃபேன்தான். கரண்ட் கட்டான மத்தியானம் அது அம்மாவுக்கு ஓடுவது வழக்கம். அம்மா கீழே பனை விசிறியோடு உட்கார்ந்திருக்க, மேலே ஒரு பிரேக்கர் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. ஃபேன் ஓட மின்சாரம் வேண்டும், மின்சாரம் வர பிரேக்கர் நிற்க வேண்டும், பிரேக்கர் நிற்க ஃபேன் ஓட வேண்டும். இப்படி ஒரு கணக்கை எந்த ஆபீசிலாவது பார்த்திருந்தால் அந்த ஆபீசையே இழுத்து மூடச் சொல்லியிருப்பேன்.

ஃபேன் யோசனைக்கு வீட்டில் ஆதரவு கிடைக்காததால் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் என் கதையை முழுசாகக் கேட்கவில்லை. "பதினாறு போட்டா விழத்தான் சார் செய்யும். முப்பத்திரண்டு போடுங்க, விழவே விழாது."

விழவே விழாது! காதில் தேன் பாய்ந்தது. இது எங்கள் பரம்பரை வைத்தியம் வேறு. அப்பா காலத்தில் வெள்ளைப் பீங்கானில் பீஸ் கட்டை. பீஸ் அடிக்கடி போனால், அப்பா பழைய ஒயரை உரித்துச் செம்பு இழை ஒன்றுக்கு மூன்றாக முறுக்கிக் கட்டுவார். அதற்கப்புறம் பீஸ் போகாது. ஒரு தடவை அதற்குப் பதில் மீட்டர் பலகையே போனது. அப்படி எரிந்து தீரும் இழைக்குப் பதிலாக, விழுந்தால் தூக்கிவிடலாம், மறுபடி வேலை செய்யும் என்று ஒரு கட்டையை 1924-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்ஸின் தொழிற்கூடத்தில் செய்து காப்புரிமை வாங்கினார்கள். நூறு வருடமாக உலகத்துக்குப் புரிந்த விஷயம் எங்கள் திருச்சி உறையூருக்கு வந்ததும் தடுமாறியது.

புதுப் பிரேக்கரை நானே மாட்டினேன். எலக்ட்ரீசியனுக்கு முந்நூறு ரூபாய் எதற்கு? மனைவி, "மோதிரத்தைக் கழட்டிட்டுப் போங்க" என்றாள். பேட்டரி முனைகளுக்கு நடுவே மோதிரம் பட்டால் 12 வோல்ட்தானே என்று இருக்க முடியாது. நொடியில் பழுத்து, விரலைச் சுட்டுவிடும். எங்கோ படித்திருக்கிறாள். சோப்புப் போட்டுக் கழற்ற அரை மணி ஆனது. முப்பத்தைந்து வருடத்தில் அது முதல் தடவை கழன்றது பிரேக்கருக்காக என்று அவள் இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். பழைய பதினாறைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டேன்.

முப்பத்திரண்டு விழவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். பேரேட்டில் 'தடை நீக்கம்' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மச்சானுக்குப் போன் செய்து, "மூணு ஆள் பார்க்க வேண்டிய வேலை" என்றேன்.

நாலாம் நாள் மத்தியானம் மாடிப் படியில் ஏறும்போதே வாசனை வந்தது. ரப்பர் செருப்பை அடுப்பில் வாட்டிய வாசனை. பிரேக்கர் கம்பீரமாக நிமிர்ந்து நின்றது. அதன் அடிவயிற்றில், ஒயர் நுழையும் இடத்தில், சிவப்பு உறை பழுப்பாகிக் கருத்து, வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி இளகியிருந்தது.

எலக்ட்ரீசியன் தம்பி வந்தார். மீட்டரால் எதையோ அளந்து குறித்துக்கொண்டு, முதலில் பேனலிலிருந்து வரும் லைனை அணைத்தார், அப்புறம்தான் பேட்டரி பக்கம் கை வைத்தார்.

"சார், நீங்க மாத்தும்போது எதை முதல்ல கழட்டுனீங்க?"

"பேட்டரியை."

"பேனல் ஓடிக்கிட்டு இருக்கையிலயா?" அவர் முகம் வெளுத்தது. வெயில் மேலேயிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும்போது பேட்டரியைப் பிடுங்கினால், கன்ட்ரோலர் இலையே போடாத பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிற மாதிரி ஆகிவிடும். கொட்ட இடம் இல்லாமல் அதுவே கருகிப் போகலாம். அணைக்கும்போது பேனல் முதலில், போடும்போது பேட்டரி முதலில். தினம் மத்தியானம் பிரேக்கர் விழுந்தபோதெல்லாம் கன்ட்ரோலருக்கு இதே கதிதான். அது பிழைத்தது என் திறமையால் அல்ல.

பிறகு திருகை அவிழ்த்து, ஒயர் முனையை வெளியே இழுத்துக் காட்டினார். நான் உரித்த உரிப்பு அரைகுறை. செம்பைக் கடிக்க வேண்டிய திருகு பாதி இடத்தில் பிளாஸ்டிக் உறையைக் கடித்திருந்தது. ஐம்பது அறுபது இழையில் நாலைந்துதான் பிடிப்பில் இருந்தன, மற்றவை தலையை விரித்துக்கொண்டு வெளியே நின்றன. லைனை அணைப்பதற்கு முன்பே மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, அந்த ஒரே இணைப்பின் இரண்டு பக்கமும் தொட்டு எண்ணைக் குறித்து வைத்திருந்தார். ஒழுங்கான இணைப்பில் கிட்டத்தட்டச் சுழி காட்ட வேண்டிய இடத்தில் 0.4. "கால் வோல்ட், அரை வோல்ட்டுக்கு என்ன?" என்றேன். "இருபது ஆம்பியரால பெருக்குங்க சார்." எட்டு வாட். ஒரு எல்.இ.டி. பல்பு எரியும் அளவு சக்தி முழுவதும் மிளகளவு இடத்தில் சூடாக இறங்கியிருக்கிறது.

"சரி தம்பி, இது நான் போட்டது. அதுக்கு முன்னாடி பதினாறு ஏன் விழுந்துச்சு?"

டிராயரிலிருந்து பழைய கட்டையைக் கொண்டுவரச் சொன்னார். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சி16. பக்கத்தில் வோல்ட் அளவும் ஓர் அலைக்கோடும். "அந்த அலை இருந்தா ஏ.சி. நேர்கோடு இருந்தாத்தான் டி.சி." வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு தரம் சுழியைத் தொட்டுத் திரும்புமாம். பிரேக்கர் பிரியும்போது கிளம்பும் பொறி அந்தச் சுழியில் தானாக அணைந்துவிடும். டி.சி.க்கு அந்த மூச்சு வாங்கும் பழக்கமே கிடையாது, பொறி பிடித்தால் பிடித்ததுதான். "பன்னெண்டு வோல்ட்டுங்கிறதால தப்பிச்சீங்க. நாலஞ்சு பேனலை சீரியல்ல போட்டு இதை மாட்டியிருந்தா உள்ளுக்குள்ளயே வெல்டிங் நடந்திருக்கும்." டி.சி. கட்டையிலும் சிலவற்றில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும், தலைகீழாக மாட்டினால் பொறியை அணைக்கிற காந்தமே அதைத் தப்பான பக்கம் தள்ளும் என்று கூடுதலாக ஒரு பயம் காட்டினார்.

அப்புறம் என் பேரேட்டைக் கேட்டார். வாழ்நாளில் என்னிடம் பேரேடு கேட்ட முதல் ஆள்! பெருமையோடு நீட்டினேன். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் எழுதியிருக்கீங்க. ஆம்பியர் எழுதலையே?"

எழுதவில்லை. ஐந்து பத்தியில் பல்லிக்கு இடம் இருந்தது, ஆம்பியருக்கு இல்லை.

கணக்கு இவ்வளவுதான். இரண்டு பேனலும் சேர்ந்து 330 வாட். சார்ஜ் ஏறும் பேட்டரி பதின்மூன்றரை வோல்ட். வகுத்தால் காகிதத்தில் 24 ஆம்பியர். பேனல் சுட்டால் அதன் உற்பத்தி குறையும், தூசியும் கொஞ்சம் தின்னும், ஆகவே உச்சி வெயிலில் கையில் கிடைத்தது இருபது. அதைத்தான் தினமும் பதினாறு தாங்கியிருக்கிறது. பதினாறு ரூபாய் ஒதுக்கீட்டில் இருபது ரூபாய் செலவு. முப்பத்தொரு வருடம் இந்த ஒரு தப்பைத்தான் நான் ஊர் ஊராகப் போய்த் தேடினேன்.

உடனே விழுந்திருந்தாலாவது புரிந்திருக்கும். இந்தக் கட்டைக்கும் ஒரு விதிப் புத்தகம் உண்டு. தன் அளவைப் போல 1.13 மடங்கு வரை, அதாவது பதினாறுக்குப் பதினெட்டு வரை, ஒரு மணி நேரமாவது பொறுத்துக்கொள்ள வேண்டும். 1.45 மடங்கில், சுமார் இருபத்து மூன்றில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். நடுவில் உள்ளது அதன் விருப்பம். என் இருபது ஆம்பியர் சரியாக அந்தச் சலுகைப் பிரதேசத்தில் குந்தியிருந்தது. உள்ளே ஓர் இரட்டை உலோகப் பட்டை சூட்டில் வளைந்து வளைந்து விசையைத் தட்டுகிறது. விதி எழுதியவர்கள் அதற்கு வைத்த வெப்பநிலை 30 டிகிரி. திருச்சியில் கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸுக்கு அடியில் 30 டிகிரி என்றால் விடியற்காலை மூன்று மணிக்குத்தான் பார்க்கலாம். தை மாதம் கொட்டகை குளிர்ந்திருந்தது, ராத்திரி ஃபேன் ஓடவில்லை, பேட்டரி பத்து மணிக்கே நிரம்பி ஆம்பியர் இறங்கிவிட்டது. கத்திரியில் ராத்திரி முழுக்க ஃபேன் ஓடி, பேட்டரி வெறும் வயிற்றோடு விடிந்து, உச்சிப் பொழுதில் அள்ளி அள்ளிக் குடித்தது. விழுந்ததும் தூக்கினால் நிற்காததும் சூட்டினால்தான். பட்டை ஆற வேண்டாமா?

"அப்ப ஞாயித்துக்கிழமை?" என்றேன் பரிதாபமாக.

வாசலில் நின்ற மனைவி பதில் சொன்னாள். "சனிக்கிழமை ராத்திரி நாம கும்பகோணம் கல்யாணத்துல இருந்தோம். ஃபேனே ஓடலை."

தம்பி கடைசியாகப் பழைய கட்டையின் திருகைக் கவனித்தார். அது அரைச் சுற்றுத் தளர்ந்திருந்த அடையாளம் ஒயரில் இருந்ததாம். "நான் தை மாசம் இறுக்கித்தான் வெச்சேன். யாராவது தொட்டாங்களா சார்?" மச்சானுக்கு நான் எடுத்த பாடம் ஞாபகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். நான் பல்லியின் மேல் போட்டேன்.

"இன்னொண்ணு சார். பிரேக்கர் காப்பாத்துறது பேட்டரியை இல்ல, ஒயரை. உங்க ரெண்டரை ஸ்கொயருக்குப் பதினாறே போதும்னு அது சொல்லுச்சு. நீங்க அதை எடுத்துட்டு, எதையும் கேட்காத ஆளைப் போட்டுட்டீங்க."

இப்போது ஆறு ஸ்கொயர் ஒயர், ஒழுங்காக லக் அடித்த முனைகள், பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு பியூஸ். பேட்டரி லைன் என்பதால் குறியில்லாத டி.சி. பிரேக்கர் 32. பெட்டி கொட்டகையிலிருந்து இறங்கி சுவர் நிழலுக்கு வந்தது. மீட்டரில் அந்த இணைப்பு சுழிக்குப் பக்கத்தில் காட்டுகிறது. எல்லாச் செலவும் சேர்த்துப் பார்த்தால், எலக்ட்ரீசியனுக்குக் கொடுக்காமல் நான் மிச்சம் பிடித்த முந்நூறைப் போல எட்டு மடங்கு. டேபிள் ஃபேன் அம்மாவிடம் திரும்பிவிட்டது. அவர் இதை ராகு பெயர்ச்சியின் பலன் என்கிறார்.

அன்று ராத்திரி மனைவி கேட்டாள். "ஏங்க, ஆபீஸ்ல நீங்க விடாம தடை எழுதுனா, அவங்க என்ன செய்வாங்க?"

"செலவைக் குறைப்பாங்க."

"நிஜமா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னேன். "என்னை மாத்திட்டு, கையெழுத்துப் போடுற ஆளா பார்த்துக் கொண்டுவருவாங்க." முப்பத்தொரு வருடத்தில் பதினான்கு ஊர். அவள்தான் ஒவ்வொரு ஊரிலும் சாமான் கட்டியவள். வேறொன்றும் பேசாமல் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அந்தப் பதினாறைத் துடைத்து, என் மேஜையில் மின்கட்டண ரசீதுகளின் மேல் பாரமாக வைத்தேன். இருவரும் ஓய்வு பெற்றவர்கள், ஒரே மேஜை. போன வாரம் பேரன் வந்து லீவரை மேலே தள்ளப் பார்த்தான். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அது எழுதிய கடைசித் தடை. எழுதியபடியே இருக்கட்டும்.